காட்சியும் கண்ணோட்டமும்

மனிதன் உழைத்துக் களைத்த இடங்கள், காலம் கடந்தபின் அவன் வழித்தோன்றல்கள் ஓய்வு கொள்ளும் இடங்களாக மாறுவது உலகியற்கை. அரசர்கள் குருதி சிந்திய கோட்டைகளில் இன்று குழந்தைகள் ஓடி விளையாடுகின்றனர். கைதிகள் அடைபட்டுக் கிடந்த சிறைக்கூடங்களில் இன்று நுழைவுச்சீட்டு விற்கப்படுகிறது. இம்மாற்றத்தைக் காலத்தின் கனிவு என்பாரும் உளர். காலத்தின் மறதி என்பாரும் உளர். இவ்விரு கூற்றுகளுள் எது உண்மை என்பது எளிதில் விடை கூறத்தக்க வினா அன்று. அவ்வினாவை மலேசியத் தமிழர் வாழ்வோடு பொருத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சு வட்டாரத்திலிருந்து காலையில் ஒரு பேருந்து புறப்படுவதாகக் கொள்வோம். பயணம் செய்வோர் ஒரு தமிழ்ப்பள்ளியின் மாணவர்களாக இருக்கலாம். ஓர் ஆலயக் குழுவினராக இருக்கலாம். விடுமுறைக்கு வந்த உறவினரை அழைத்துச் செல்லும் குடும்பமாகவும் இருக்கலாம். நகரத்தின் நெரிசலைக் கடந்து வடமேற்கே சென்றால், ஒரு பகற்பொழுதுக்குள் இரு காட்சிகளைக் கண்டு மீளலாம். முற்பகலில், பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதியில் செம்பனைத் தோட்டங்கள். மாலை மயங்கியபின், கோல சிலாங்கூருக்கு அருகே கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றின் சதுப்புக்கரையோரம் படகுப் பயணம். தோட்டத்தில் வரலாறு, ஆற்றில் மின்மினி. உணவும் உரையாடலும் ஒளிப்படமுமாக ஒரு நாள் இனிதே கழிந்துவிடும்.

இனிதே கழிவதில் தவறு ஏதும் இல்லை. ஆயினும் சிந்திப்போர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமற் போகாது. பாட்டனும் பாட்டியும் வியர்வை சிந்திய நிலத்தைப் பேரப்பிள்ளைகள் மகிழ்ச்சிக்காகப் போய்ப் பார்ப்பது அறமாகுமா? அறமே எனின், எவ்வாறு பார்ப்பது அறம்?

தோட்டத்தின் பெயரும் தொழிலாளர் பெயரும்

இப்பகுதியின் வரலாற்றைச் சுருங்கக் காண்பது பயன் தரும். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் நாற்றுகளே மலாயா ரப்பர்த் தொழிலின் தொடக்கம் என்பர். 1890களில் சிலாங்கூரின் தோட்ட முதலாளிகள் காப்பியை நம்பியிருந்தனர். காப்பி விலை வீழ்ந்தபோது ரப்பருக்கு மாறினர். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரப்பர் விலை விண்ணைத் தொட்டது. காடுகள் வெட்டப்பட்டன, கடலோரச் சதுப்புகளில் வாய்க்கால்கள் தோண்டப்பட்டன. அவ்வேலைக்கு ஆள் தேடித் தமிழகத்தின் சிற்றூர்களுக்குக் கங்காணிகள் சென்றனர். சஞ்சி முறை 1910இல் ஒழிந்தபின்னும் கங்காணி முறை நீடித்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் இறங்கினர். அவ்வழி 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அடைபடவில்லை.

இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நடப்பட்டது. அதனை நிறுவியவர் பிரெஞ்சு நாட்டவரான ஆன்றி ஃபோகோனியே என்பவர். அவர் தோட்டக்காரர் மட்டுமல்லர், எழுத்தாளருமாவார். மலாயா வாழ்வைப் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய புதினம் 1930இல் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசுகளுள் ஒன்றான கோன்கூர் பரிசைப் பெற்றது. அத்தோட்டத்தின் பெயர் என்ன? தென்னமரம்! ஆங்கில எழுத்தில் சற்றே உருத்திரிந்து நின்றாலும், உச்சரிக்கும் எந்தத் தமிழனுக்கும் அதன் பொருள் விளங்கிவிடும். தோட்டத்தை உண்டாக்கிய துரையின் பெயரை நூல்கள் அறியும். கன்று நட்டவர், குழி தோண்டியவர், களை எடுத்தவர் பெயர்களை எந்த நூலும் அறியாது. அவர்கள் பேசிய மொழி மட்டும் தோட்டத்தின் பெயர்ப்பலகையில் நூறாண்டுக்கு மேலாக நிலைத்து நிற்கிறது. கல்வெட்டில் இடம் பெறாதவர்கள் சொல்வெட்டில் இடம் பெற்றனர் எனலாம்.

ஒரு பயணி இப்பெயரைப் படித்து, 'இங்கே தென்னையே இல்லையே' என நகைத்து நகர்ந்துவிடலாம். இன்னொருவர் அங்கே சற்று நின்று, இப்பெயரை முதலில் உச்சரித்த வாய் எது என எண்ணிப் பார்க்கலாம். இருவர் கண்களும் ஒரே பலகையைத்தான் கண்டன. ஆயினும் இருவரும் ஒன்றையே கண்டனர் என்று சொல்ல இயலாது.

விலக்குவோரும் மறப்போரும்

எழுப்பிய வினாவுக்கு மக்கள் வழக்கில் இரு விடைகள் உள்ளன. முதலாவது, விலக்குவோர் விடை. 'அட்டைக்கடியும் காய்ச்சலும் துரையின் அதட்டலுமாக நம் முன்னோர் மடிந்த இடத்தில் போய்ப் பல்லைக் காட்டிப் படம் எடுப்பதா? அவ்விடத்தை நினைக்கவே வேண்டா' என்பர் இவர்கள். இவ்விடையில் மானம் இருக்கிறது. அதனை எள்ளி நகையாட எவருக்கும் உரிமை இல்லை. தோட்டத்தை விட்டு நகருக்கு வந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து உயர்ந்த பல குடும்பங்களில் பெரியவர்கள் தோட்டத்துக் கதையைப் பேசாமல் இருந்தமைக்கு இந்த மான உணர்ச்சியே காரணம்.

ஆயினும் இவ்விடை முழுமையான விடை அன்று. காணாமல் இருப்பதால் மாண்டவர்க்குப் பெருமை சேர்வதில்லை. உரியவர்கள் சொல்லாமல் விட்ட கதையை உரிமையற்றவர்கள் தமக்கேற்றவாறு சொல்லிவிடுவர். துரையின் பங்களாவைப் பற்றிய கதையே தோட்டத்தின் கதையாகிவிடும். மேலும், தோட்ட வாழ்வு துன்பம் ஒன்றாலேயே ஆனதன்று. லயன் வீடுகளில் திருமணங்கள் நடந்தன, தாலாட்டுகள் பாடப்பட்டன, ஆலயத் திருவிழாக்களில் காவடிகள் ஆடின, மாலை வேளைகளில் நாடக ஒத்திகைகள் நடந்தன. அம்மக்களை அழுதவர்களாக மட்டுமே நினைவுகூர்வது அவர்களைப் பாதி மனிதர்களாக்கிவிடும். துன்பத்தின் நடுவேயும் வாழ்வைக் கட்டி எழுப்பியவர்கள் என்பதே அவர்களுக்குரிய சிறப்பு. அச்சிறப்பை அறிய வேண்டுமாயின் அவ்விடத்தை அணுகித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, மறப்போர் விடை. 'போனது போயிற்று. கொடுமை செய்த துரையும் இல்லை. கொடுமைக்கு ஆளானவரும் இல்லை. இன்றுள்ள பிள்ளைகள் எக்குற்றமும் செய்யாதவர்கள். அவர்கள் மகிழ்ந்துவிட்டுப் போகட்டுமே' என்பர் இவர்கள். இதிலும் ஓர் உண்மை உண்டு. பேரன் தலையில் பாட்டன் காலத்துத் துயரத்தை ஏற்றி, அவனைச் சிரிக்கவிடாமல் செய்வது கல்வி ஆகாது.

ஆனால் இவ்விடையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. முன்னோரிடமிருந்து பேரப்பிள்ளைகள் பெற்றது துயரம் மட்டுமன்று. இந்நாட்டில் பிறந்த உரிமை, நடக்கும் சாலை, படிக்கும் தமிழ்ப்பள்ளி ஆகிய அனைத்தும் அவ்வுழைப்பின் பயன்கள். 1923இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. ஒழுகும் கொட்டகையில், கிராணியோ கங்காணியோ ஆசிரியராக அமர்ந்த பள்ளிகளும் அவற்றுள் இருந்தன. இன்று நாடெங்கும் உள்ள 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பலவற்றின் வேர் அக்கொட்டகைகளில் இருக்கிறது. சொத்தை ஏற்றுக்கொள்பவன் அச்சொத்தின்மேல் உள்ள கடனையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஊரறிந்த நியாயம். பயனை மட்டும் எடுத்துக்கொண்டு கடனை மறுப்பது வணிகத்திலேயே பொருந்தாது. அறத்தில் எவ்வாறு பொருந்தும்?

ஆகவே விலக்குவதும் தீர்வன்று, மறப்பதும் தீர்வன்று. மூன்றாவது வழி ஒன்று உண்டா எனத் தேட வேண்டியுள்ளது.

சதுப்பு நிலம் கற்பித்த பாடம்

அவ்வழியைக் காட்டும் சான்று ஒன்று கிள்ளான் வரலாற்றிலேயே அமைந்துள்ளது. சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், 1901இல் சதுப்புக் காடுகளை ஒட்டித் திறக்கப்பட்டது. திறந்த சில மாதங்களிலேயே துறைமுகத் தொழிலாளரும் அலுவலரும் மலேரியாக் காய்ச்சலால் சாய்ந்தனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழும் அளவுக்கு நிலைமை முற்றியது. அதே ஆண்டில் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன் என்னும் இளைஞர். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்டு ராஸ் என்பார் 1897இல் இந்தியாவில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. நூலில் இருந்த அவ்வுண்மையை வாட்சன் நிலத்தில் செயற்படுத்தினார். கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் சதுப்புகளை வடித்து, புதர்களை வெட்டி, தேங்கிய நீருக்கு வழி வெட்டச் செய்தார். காய்ச்சல் வியக்கத்தக்க அளவில் குறைந்தது. உலகில் வெற்றி கண்ட தொடக்ககால மலேரியாத் தடுப்புப் பணிகளுள் ஒன்றாகக் கிள்ளான் இன்றும் மருத்துவ நூல்களில் பேசப்படுகிறது.

இவ்வரலாற்றில் ஒழுக்கவியல் மாணவர் கருதத்தக்க செய்திகள் இரண்டு உள்ளன.

முதற்செய்தி, அறிதலுக்கும் பொறுப்புக்கும் உள்ள உறவு. 1897க்கு முன்னர் ஒரு தோட்டத்தில் தொழிலாளர் காய்ச்சலால் இறந்தபோது, 'சதுப்பின் நச்சுக்காற்று' என்று கூறிய துரையை அறியாதவர் என்று மன்னிக்கலாம். கிள்ளானில் வாய்க்கால் வெட்டிய பின்னர், காய்ச்சல் குறைந்ததைக் கண்ணால் கண்ட பின்னர், செலவுக்கு அஞ்சித் தம் தோட்டத்தில் அதனைச் செய்யாது விட்டவரை அவ்வாறு மன்னிக்க இயலுமா? இடையில் மாறியது நோய் அன்று. மனிதனின் அறிவே மாறியது. அறியாதிருந்தவரை அது விபத்து. அறிந்தபின் அது குற்றம். அறிவு வெறும் அணிகலன் அன்று. பெற்றவர் தோள்மேல் அது ஒரு சுமையையும் ஏற்றி வைக்கிறது.

இரண்டாவது செய்தி, அறிவின் எல்லை பற்றியது. கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடித்தவுடன் காய்ச்சல் தணிந்தது. அங்குள்ள கொசு நிழற்குட்டைகளில் வளர்வது. அதையே மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் தணியவில்லை, பெருகியது. மலைப்பகுதிக் கொசு வேறினத்தது. வெயில் படும் தெளிந்த ஓடைகளிலேயே அது வளரும். காட்டை வெட்டி ஓடையின்மேல் வெயிலை வரவழைத்தவர்கள் கொசுவுக்கே தொட்டில் கட்டினர். பின்னரே ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்துவது, எண்ணெய் தெளிப்பது போன்ற வேறு முறைகள் வகுக்கப்பட்டன. ஓரிடத்தில் உயிர் காத்த செயல் மற்றோரிடத்தில் உயிர் போக்கியது. நல்லெண்ணம் மட்டும் போதாது. இடமறிந்த கல்வியும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

பழங்காலச் சொல்லும் இக்காலப் பொருளும்

இவ்விடத்தில் தமிழ்ச்சொல் ஒன்று துணைக்கு வருகிறது. 'கண்ணோட்டம்' என்பது இன்று கருத்து நிலை, பார்க்கும் கோணம் என்னும் பொருள்களில் வழங்குகிறது. 'என் கண்ணோட்டத்தில்' எனத் தொடங்காத மேடைப் பேச்சே இல்லை. ஆனால் திருவள்ளுவர் தம் நூலின் 58ஆம் அதிகாரத்துக்குச் சூட்டிய கண்ணோட்டம் என்னும் பெயர் வேறு பொருளுடையது. அங்கே அது இரக்கத்தைக் குறிக்கிறது. அவ்வதிகாரத்தின் இருக்கையும் கருதத்தக்கது. அதற்கு முன்னுள்ள அதிகாரம், குடிமக்கள் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாமை பற்றியது. அதற்குப் பின்னுள்ளது ஒற்றாடல். ஒற்றரும் பார்க்கின்றனர், கண்ணோட்டம் உடையவரும் பார்க்கின்றனர். ஒற்றரின் பார்வை பார்ப்பவர்க்கே பயன்படுவது. கண்ணோட்டமோ பார்க்கப்படுபவர்க்குப் பயன்படுவது.

உரையாசிரியர் பரிமேலழகர் இச்சொல்லுக்குக் கூறும் விளக்கம் இன்னும் நுட்பமானது. பழகியவரைக் கண்டால் அவர் கேட்பதை மறுக்க மாட்டாத தன்மையே கண்ணோட்டம் என்றும், அவர்மேற் கண் சென்றபோது நிகழ்வதால் அப்பெயர் பெற்றது என்றும் அவர் கருதுகிறார். இக்கருத்தின்படி, கண் ஒருவர்மேற் பட்டவுடனே பார்வை முடிந்துவிடுவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. காண்பது, மறுக்க இயலாத ஒரு கடமைக்குள் காண்பவரை இழுத்து விடுகிறது. கிள்ளான் சதுப்பு கற்பித்த பாடமும் இதுவே: அறிந்தவர் அறியாதவராகத் திரும்ப இயலாது.

தோட்டத்துக்குச் செல்லும் பயணியைப் பற்றிய வினாவுக்கு விடை இங்கே புலப்படுகிறது. அவர் போகலாம், மகிழவும் செய்யலாம். ஆனால் கண்டபின், காணப்பட்டவர் கேட்பதை மறுக்கலாகாது.

அவர்கள் கேட்டது என்ன?

மாண்டுபோனவர்கள் எதனைக் கேட்பர் என்று எவர் சொல்வது? கற்பனையால் அவர்கள் வாயில் சொற்களைத் திணிப்பது முறையன்று. நற்பேறாக, அவர்கள் உயிருடன் இருந்தபோதே கேட்டவை வரலாற்றில் பதிவாகியுள்ளன. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர். அவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். போராட்டத்தை அடக்கப் படையினர் வரவழைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

அவர்கள் எதற்காக உயிர்விட்டனர்? கூலி உயர்வு கேட்டனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான ஊதியம் கேட்டனர். அதனோடு நின்றார்களா? பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டனர். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பெண்களுக்குத் தொல்லை தருவதை நிறுத்தச் சொன்னார்கள். துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். இவற்றுள் சைக்கிள் பற்றிய கோரிக்கை எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. அதனால் கூலியில் ஒரு காசும் கூடாது. கலத்தில் ஒரு பிடி சோறும் மிகாது. சாலையில் இன்னொரு மனிதன் எதிர்ப்படும்போது இருக்கையை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை ஒன்றே அதில் அடங்கியிருந்தது. தம்மை மனிதராகப் பாருங்கள் என்பதே அதன் சாரம். பார்வை பற்றிய கோரிக்கை அது.

தம் விடுதலைக்கு அவர்கள் பிறர் கையை மட்டும் எதிர்பார்த்திருக்கவில்லை என்பதும் அறியத்தக்கது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தனார் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சிறுகச் சிறுகத் தொழிலாளர் செலுத்திய பணத்தைக் கொண்டே அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. பால் வெட்டிய கைகளே பங்குரிமைப் பத்திரத்தையும் ஏந்தின. இதனையும் பயணத்தில் மாணவர்க்குச் சொல்ல வேண்டும். துன்பத்தை மட்டும் சொல்லிவிட்டு இதனை விடுவது பாதிப் பாடமே ஆகும்.

இன்று சைக்கிளை விட்டு இறங்குபவர் யார்?

கோரிக்கை தெளிவாகிவிட்டது. அக்கோரிக்கையை இன்று எழுப்புவோர் யார்? மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் இன்று குலை அறுப்போர் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். முகவருக்குக் கடன்பட்டு வந்தவர்கள் அவர்களுள் பலர். 2020 டிசம்பரில், கட்டாய உழைப்பின் அறிகுறிகள் காணப்பட்டன என்று கூறி, மலேசியாவின் பெருந்தோட்ட நிறுவனம் ஒன்றன் செம்பனை எண்ணெயை இறக்குமதி செய்ய அமெரிக்கச் சுங்கத்துறை தடை விதித்தது. நிறுவனம் சீர்திருத்தங்களை மேற்கொண்டபின் 2023இல் அத்தடை நீங்கியது. கடனில் வருவதும், கடவுச்சீட்டு பிறர் கையில் இருப்பதும், மொழி புரியாத ஊரில் முறையிட இடமின்றி நிற்பதும் தமிழர்க்குப் புதிய கதைகளா?

தென்னமரம் தோட்டச் சாலையில் பேருந்தை நிறுத்திப் பாட்டனுக்காகக் கண்ணீர் விடும் ஒருவர், அதே சாலையில் குலை சுமந்து வரும் வங்காளதேச இளைஞரை மரத்தோடு மரமாகக் கண்டு கடப்பாராயின், அக்கண்ணீரின் மதிப்பு என்ன? தன் குலத்தார் பட்ட துன்பத்துக்கு மட்டும் உருகுவது பாசம். அதே துன்பத்தைப் பிறர்பால் கண்டும் உருகுவதே அறம். பாசம் அறத்துக்குப் பகையன்று. அதன் வாயில் அது. ஆனால் வாயிலிலேயே நின்றுவிடுபவர் வீட்டினுள் நுழைந்தவர் ஆகார்.

'மாணவரால் இதற்கு என்ன செய்ய இயலும்? சட்டம் இயற்றுவதும் ஊதியம் நிறுவுவதும் அவர்கள் கையிலா உள்ளன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. 1941இல் கேட்கப்பட்டவற்றுள் சட்டத்தால் தரத்தக்கவை சில. சாலையில் எதிர்ப்படும் எவரும் தரத்தக்கது ஒன்று. நிமிர்ந்து நோக்கி வணக்கம் சொல்வது, பெயர் கேட்பது, ஊர் கேட்பது, ஒருமையில் விளிக்காமல் இருப்பது ஆகியவற்றுக்குச் சட்டம் தேவையில்லை. அவ்வாறு பழகிய மாணவரே நாளை சட்டம் இயற்றும் இடத்திலும், ஆள் எடுக்கும் அலுவலகத்திலும் அமரப் போகின்றனர்.

மற்றொரு நாட்டின் சான்று

இவ்வினா தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்சு நகரிலிருந்து ஒரே நாளில் பழைய கரும்புத் தோட்ட மாளிகை ஒன்றையும் சதுப்பு நிலப் படகுப் பயணத்தையும் கண்டு திரும்பும் சுற்றுலா நெடுங்காலமாக நடைபெறுகிறது. ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் எழுந்த மாளிகைகள் அவை. பல்லாண்டுகளாக அங்கே வழிகாட்டிகள் தூண்களின் அழகையும் சீமாட்டியரின் ஆடைகளையும் விரித்துரைத்தனர். வயலில் வெட்டியவரைப் பற்றிய பேச்சு அரிதாகவே எழுந்தது. 2014இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட விட்னி தோட்டம் அவ்வழக்கத்தைத் தலைகீழாக மாற்றியது. அங்கே கதை அடிமைகளின் பக்கமிருந்து சொல்லப்படுகிறது. கல்லில் பொறித்த அடிமைகளின் பெயர்களைப் படித்துக்கொண்டே வருவோர் நடக்கின்றனர்.

அந்நாட்டுச் சதுப்பு நிலத்துக்கும் ஒரு கதை உண்டு. தோட்டத்திலிருந்து தப்பிய அடிமைகள் அச்சதுப்பினுள் மறைந்து சிற்றூர்கள் அமைத்து வாழ்ந்தனர். அவர்களுள் புகழ்பெற்ற தலைவரான சான் மாலோ என்பவர் 1784இல் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அங்கே தோட்டம் சிறை, சதுப்பு விடுதலை. கிள்ளான் கரையிலோ சதுப்பே காய்ச்சலாகிக் கொன்றது. நிலத்துக்கு இயல்பாக நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. மனிதன் மனிதனை நடத்தும் முறையே ஒரு நிலத்தைச் சிறையாக்குகிறது அல்லது புகலிடமாக்குகிறது.

மின்மினி கேட்கும் இருள்

பயணத்தின் பிற்பகுதிக்கு வருவோம். சிலாங்கூர் ஆற்றங்கரையில் நிற்கும் பெரெம்பாங் மரங்களில் இரவுதோறும் மின்மினிகள் கூட்டம் கூட்டமாக ஒளிர்கின்றன. ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் இமைத்துப் பெண்ணினத்தை அழைக்கின்றன. சங்கப் புலவர் நெய்தல் நிலத்துக் கண்டலைப் பாடினர். அக்கண்டல் போன்ற உவர்நிலத் தாவர வகையைச் சார்ந்ததே பெரெம்பாங். ஆயினும் மின்மினியின் வாழ்வு அம்மரத்தில் மட்டும் இல்லை. அதன் புழு கரையின் ஈரமண்ணில் வளர்கிறது. அங்குள்ள சிறு நத்தைகளை உண்கிறது. கரையை வெட்டி நீர்விளிம்புவரை செம்பனை நட்டால் ஈரம் குன்றும், நத்தை குன்றும், மரம் நின்றாலும் மின்மினி மறையும்.

இங்கே வாட்சன் கற்பித்த இரண்டாம் பாடம் மீண்டும் நினைவுக்கு வருகிறது. கிள்ளானில் சதுப்பை வடித்தது தொழிலாளர் உயிரைக் காத்தது. அதனைத் தவறு என்பார் நன்றி கொன்றவர். கம்போங் குவாந்தானில் சதுப்பைக் காப்பது இன்றைய கடமை. நூறாண்டுக்கு முன் செய்ததையே இன்றும் செய்வோம் என்பார் கல்லாதவர். முன்னோர் செய்ததை அப்படியே செய்வது முன்னோரைப் போற்றுவது ஆகாது. தம் காலத்து உண்மையை அறிந்து அவர்கள் செயற்பட்டதுபோல, இக்காலத்து உண்மையை அறிந்து செயற்படுவதே அவர்களைப் போற்றும் வழி.

கம்போங் குவாந்தானில் படகுகளைத் துடுப்பால் வலிக்கின்றனர். விளக்கை ஏற்றக்கூடாது, ஒளிப்படக் கருவியின் மின்னொளியைப் பாய்ச்சக்கூடாது என்கின்றனர். பார்ப்பவர் தம் ஒளியை அணைத்தால்தான் பார்க்கப்படும் உயிரின் ஒளி தெரியும். தோட்டத்திலும் இவ்விதியே பொருந்தும். தம் பெருமை, தம் இரக்கம், தம் படம் என்ற வெளிச்சங்களைச் சற்று அணைத்து நிற்பவர்க்கே அங்கு வாழ்ந்தவரும் வாழ்பவரும் தெரிவர்.

ஆசிரியர் கடமை

இவற்றை எண்ணும்போது, மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரின் பணி பேருந்து ஏற்பாட்டோடு முடிவதன்று என்பது தெளிவாகும். புறப்படும் முன்னரே, வீட்டிலுள்ள பெரியவரிடம் எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள், பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், ஆயாக் கொட்டகையில் உங்களைப் பார்த்துக்கொண்டவர் யார் என்று கேட்டுவரச் சொல்லலாம். மூடப்பட்ட தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் எங்கேனும் எஞ்சியிருந்தால், அவற்றிலுள்ள பெயர்களைப் படியெடுக்கச் செய்யலாம். விட்னி தோட்டத்தில் கல்லில் பொறித்தவற்றை இங்கே தாளிலேனும் பொறிக்க இயலும். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் நாள்தோறும் வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறி வருகின்றன. முதலாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய ஆங்கிலேயர் நிறுவிய பிராங் பெசார் தோட்டம் இன்று புத்ராஜெயா என்னும் நிருவாகத் தலைநகராக நிற்கிறது; அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கில் அடுக்கு வீடுகளுக்கு இடம் பெயர்ந்தன. மரம் போய்விட்டபின் நினைவை நட இடம் கிடைப்பது அரிது.

திரும்பியபின் எழுதச் சொல்லும் கட்டுரைக்கு 'என் இன்பச் சுற்றுலா' என்ற பழந்தலைப்பே போதும்; அதனை மாற்ற வேண்டுவதில்லை. ஆனால் ஒரு வினாவைக் கூடுதலாகக் கேட்கலாம்: 'நீ கண்டவர்களுள் ஒருவர் உன்னிடம் ஏதேனும் கேட்டிருந்தால், அது என்னவாக இருந்திருக்கும்?' அவ்வினாவுக்கு ஒரு மாணவர் நேர்மையோடு நான்கு வரி எழுதினாலும் பயணம் பயன் பெற்றதாகும்.

துன்புற்றோர் நிலத்தில் கால் வைப்பது பாவமன்று, மகிழ்வதும் குற்றமன்று. அந்நிலத்தைக் கண்டபின் காணாதவர்போல் வாழ்வதே குற்றம். காட்சி கண்ணோடு முடியும். கண்ணோட்டம் கையையும் காலையும் செயலுக்கு எழுப்பும். சைக்கிளை விட்டு இறங்க மறுத்து 1941இல் நிமிர்ந்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், தமக்கு எதிரே வரும் எந்த மனிதரையும் இறங்க வைக்காமல் வாழ்வார்களாயின், அதுவே அத்தோட்டத்து மண்ணுக்குச் செலுத்தும் கடனாகும்.